கோழி இல்லாத கோழி சூப்பு

ஆஸ்பத்திரியில் நாற்பது நோயாளிகளின் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறவள் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாளா? மாமனாருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்றே அந்த உணவு அதிகாரி அவருடைய நாக்கை ஜப்தி செய்துவிட்டாள்.

காலையில் கோழியை உப்பில்லாமல் வேகவைப்பாள். கறி முழுவதும் குண்டு என்கிற பூனைக்கு. மிஞ்சிய தண்ணீரில் வெங்காயத்தையும் பூண்டையும் அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால், அது மாமனாருக்கு. பூனைக்கு வெங்காயம் ஆகாது என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் கறியை முதலிலேயே எடுத்துவிடுவாள். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. காரணம் சொல்லிச் சாப்பாடு போடும் வழக்கம் ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. இரண்டு கிண்ணங்களையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாள்.

இரண்டே மாதத்தில் மாமனாரின் ரத்த அழுத்தம் இறங்கியது. பெரிய டாக்டரே பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறு வாரமே வார்டில் நாற்பது பேருக்கும் அந்த சூப்பு போகத் தொடங்கியது.

அதற்கடுத்த வாரம் குண்டு படுத்துவிட்டது. ஈறெல்லாம் வெளிறி, கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. கண் திறக்காத குட்டியாகச் சாக்கடையோரம் கிடந்ததை எடுத்துவந்து, பஞ்சில் பால் நனைத்து வளர்த்தவள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அழுதுகொண்டே மிருக வைத்தியரிடம் தூக்கிப் போனாள். மாமனாரும் கூடவே வந்தார்.

"வெங்காயம், பூண்டு ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார் வைத்தியர்.

"என் வீட்லயா? சான்ஸே இல்ல டாக்டர்!"

"உண்மையச் சொன்னாத்தாம்மா நான் சரியான வைத்தியம் பார்க்க முடியும். இல்லன்னா தாங்காது."

மாமனார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான்தான் மாத்தி வச்சேன். அதோட கறிய நான் தின்னுட்டு, என் சூப்ப அதுக்கு ஊத்திடுவேன். மென்னு திங்க ஏதாவது வேணும்போல இருந்துச்சும்மா. அதுக்கு ஆகாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

"முதல் நாள்லேருந்தே."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வைத்தியர் ஊசியைத் தயார் செய்தபடியே, "வெங்காயம் இதுங்க ரத்தத்தையே கெடுத்துடும். நல்லவேளை, சொன்னீங்க. பிழைச்சுக்கும்," என்றார். ஆத்திரத்தை மறந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பெரியவரே அப்படி ஒரு சூப்பு?"

"ரத்த அழுத்தம் குறையறதுக்கு டாக்டர்."

"குறைஞ்சுதா?"

"நல்லாவே குறைஞ்சுது," என்றார் மாமனார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குடிக்கவே குடிக்காத சூப்பையா நாற்பது பேருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்? வெளியே ஓடிவந்து ஆஸ்பத்திரி சமையலறைக்கு போன் போட்டாள்.

"இன்னிக்கு அந்த சூப்ப அனுப்பாதீங்க அண்ணே!"

"எப்பவோ போயிடுச்சேம்மா. இப்பதான் கிண்ணமெல்லாம் திரும்பி வந்துச்சு," என்றார் சமையல்காரர் பெருமையாக. "நாற்பதும் துடைச்சு வச்ச மாதிரி காலி! தினமும் இப்படித்தான்."

அவள் திரும்பி, உள்ளே உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள்.

"அண்ணே, வார்டு ஜன்னலுக்குக் கீழ கொஞ்சம் எட்டிப் பாருங்க. அங்க சுத்துற பூனைங்க எல்லாம் எப்படி இருக்கு?"