பதினோரு வளையம்

அண்ணன் உத்தரங்களையெல்லாம் இழைத்து வார்னிஷ் அடித்துவிட்டிருந்தான். அவள் உள்ளே நுழைந்ததுமே வாடை குப்பென்று அடித்தது.

பழைய வீடுகளின் மரத்தைத் துளைத்து, ஆண்டுக்கொன்றாக விழுந்திருக்கும் வளையங்களை எண்ணி, ஆண்டு தெரிந்த மரங்களின் வளையங்களோடு பொருத்தி, மரம் வெட்டப்பட்ட ஆண்டைச் சொல்வது அவள் வேலை. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் ஆண்டு உறுதி; மரத்தை இழைத்தால் அது போய்விடும். இருநூறு ஆண்டு தாண்டிய வீட்டை இடிக்கக் கூடாதென்பது சட்டம். இந்த வீடு அண்ணனுடையது. தாண்டியிருந்தால், இதில் ஒண்டியாகக் குடியிருக்கும் சித்தியை அவனால் கிளப்ப முடியாது. இத்தனையையும் போன மாதம் அவனுக்கு விளக்கியதே அவள்தான்.

"வேணும்னே பண்ணியிருக்கே."

"வீட்டை அழகுபடுத்தினா குத்தமா?"

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு மேக்கப்பு?"

அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தி அவளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தச்சன் இங்கயும் வந்தான். உள்ள கால் வச்சா காலை உடைப்பேன்னு கதவைப் பூட்டிட்டேன்."

அங்கே ஒரே ஓர் உத்தரம், கரி படிந்து, ஓரத்தில் பட்டையோடு அப்படியே இருந்தது.

துளைத்தெடுத்த பென்சில் பருமன் குச்சியை ஆய்வுக்கூடத்தில் தேய்த்து எண்ணிப் பொருத்திப் பார்த்தாள். திரும்ப எண்ணினாள். கூட வேலை பார்ப்பவரையும் எண்ணச் சொன்னாள். மரம் வெட்டி இருநூறு ஆண்டாகப் பதினோரு ஆண்டு குறைந்தது.

அண்ணன் போனில் சிரித்தான். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வார்னிஷாவது மிச்சம்."

வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

சித்தியிடம் நேரில் போய்ச் சொன்னாள்.

"பதினோரு வளையம்தானே? சேர்த்து எழுதினா உன் கை ஒடிஞ்சிடுமா?"

"பொய் எழுத முடியாது சித்தி."

"அவன் திருட்டுத்தனம் பண்ணுவான். நீ நியாயம் பேசுவே. நடுத்தெருவுக்கு வர்றது மட்டும் நான்!"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் மேல், சட்டத்தின் மேல், அந்த மரத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டித் தொலைக்காதவன் மேல். அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். மற்ற உத்தரங்களை இழைக்கச் சொன்னது யார் என்பதையும் விடாமல் எழுதினாள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டை இடித்தார்கள்.

சித்தி இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளோடு பேச்சில்லை. எதுவானாலும் அவள் கணவனிடம்தான்.

"மாப்பிள்ளை, சாப்பாடு ஆறுது. அந்த நீதிபதியம்மாவைக் கூப்பிடுங்க."

அவள் வந்து எதிரே உட்கார்ந்து, தட்டைச் சத்தமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள்.