ஒன்றரைக் கட்டை இறக்கம்

சபாபதியின் மெல்லிசைக் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. கிள்ளான் திருவிழாக் கச்சேரிகளுக்கு முன், பிரிக்பீல்ட்ஸ் கடைமாடிப் பயிற்சி அறையில் பாடகிகள் எல்லாரும் ஒரே பாட்டை அசல் சுருதியில் பாடிக்காட்ட வேண்டும். குரல் எட்டாவிட்டால் அந்த ஆண்டு மேடை இல்லை. மற்றவர்கள் பாடுவதைச் சபாபதி உட்கார்ந்து கேட்பார். பாடகிகளில் மூத்தவரான ஜோசஃபினோடு மட்டும் தானும் ஜோடிக் குரல் கொடுப்பார்.

ஜோசஃபினின் குரல் தளர்வதைக் கீபோர்டு வாசித்த சிரில்தான் முதலில் கவனித்தான். கணவர் இறந்தபின் அவருக்கு இருந்ததெல்லாம் அந்த மேடைதான். எழுபதுகளின் கடைசியில் வாங்கிய முதல் கீபோர்டின் பின்பக்கம் சுருதி சேர்க்கும் குமிழ் ஒன்று இருந்தது. அவர் பாடும்போது மட்டும் சிரில் அதைச் சற்று இறக்கினான். அதே கம்பெனியின் அடுத்த கீபோர்டில் அதற்கென்றே பொத்தான் வந்தது. இன்னும் இறக்கினான். மேடைக்கும் அவர் குரலுக்கேற்ற பாட்டுகளாக எடுத்துக் கொடுத்தான்.

தொண்ணூற்றொன்றில் வந்த புது மாடலில், எல்லாவற்றையும் வெளிச்ச எழுத்தில் காட்டும் சிறு திரை இருந்தது. அதைப் பார்க்கச் சபாபதி பக்கத்தில் வந்து நின்றார். அந்த ஆண்டுத் தேர்வுக்காக ஜோசஃபின் பாடத் தொடங்கினார்.

“அது என்ன லா, மைனஸ் மூணு?”

சிரில் கையை எடுத்தான். “சுருதி அண்ணே. ஒன்றரைக் கட்டை இறக்கியிருக்கேன்.”

“எப்பருந்து?”

“முதல் கீபோர்டுலருந்து. கொஞ்சம் கொஞ்சமா.”

ஜோசஃபினின் முகம் வெளுத்தது. “அசல்லயே வை, சிரில். எட்டலைன்னா போயிடுறேன்.”

மேல் வரியில் அவர் குரல் உடைந்து இருமலாயிற்று. அதை மறைக்க நினைத்துச் சபாபதி தன் வரியை எடுத்தார். இத்தனை ஆண்டும் அசல் என்று நம்பி இறக்கிய சுருதியிலேயே பாடிவந்த அவர் குரலும் அதே உயரத்தில் உடைந்தது. மறுபடி முயன்றார். வரவில்லை. ‘என் தொண்டைக்கு வயசே ஆகல’ என்று மேடைதோறும் பீற்றிக்கொண்டவர் மெல்ல உட்கார்ந்தார்.

“போன வருஷம் குரல் எட்டலைன்னு வீரம்மாவை அனுப்பிட்டேனே. அவளுக்கு ஏன் நீ இறக்கல?”

“அக்கா எங்க சர்ச் கொயர்ல பாடுறவங்க அண்ணே. வீரம்மாக்கு...” சிரில் தலைகுனிந்தான். “எனக்குத் தோணவே இல்ல.”

நல்ல மனசும் பழகிய வாசலோடு நின்றுவிடுகிறது. நம் ஜெபங்களில் அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“சட்டம் போதும் லா,” என்றார் சபாபதி. “அக்கா பாடட்டும். மைனஸ் மூணுலயே.”

ஜோசஃபின் கைப்பையை எடுத்துக்கொண்டார். “முதல்ல அவளைப் போய்ப் பார்ப்போம்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் அம்பாங்கில் வீரம்மா வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் மறுபடி பாடக் கூப்பிட்டதை அவள் இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாட்டை விட்டுட்டேன் அண்ணே. வீட்டுல ரேடியோகூடப் போடுறதில்ல.”

சபாபதியின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

“வெயில்ல நிக்காதீங்க. தேத்தண்ணி போடுறேன். பாட்டுப் பேச்சு மட்டும் வேணாம்.”

குடித்து முடிக்கும்வரை அவர்கள் அதைப் பேசவில்லை.