சாமந்திக் களிம்பும் ஒரு கட்டைவிரலும்

தாளின் ஓரம் கிழித்தால் ரத்தம்கூடச் சரியாக வராது, ஆனால் எரிச்சலில் உயிர் போகும். அக்கா நடத்தும் புத்தகம் கட்டும் பட்டறையில், மடிப்பு மேசைக்கு வந்த புதிதிலேயே தங்கை அதைத் தெரிந்துகொண்டாள். அதுவரை பின்னறையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். மடிப்பு மேசை ஜன்னலோரம். அங்கே உட்கார நேர்த்தியான கை வேண்டும். அந்த இடத்துக்காக அவள் நெடுநாள் காத்திருந்தவள்.

வலது கட்டைவிரலில் குறுக்காக விழுந்த கீறல் ஆறாமல் இழுத்தடித்தபோது வீட்டிலேயே களிம்பு காய்ச்சினாள். நிழலில் உலர்த்திய சாமந்தி இதழ்களை எண்ணெயில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இளஞ்சூட்டில் வைத்தாள். இதழின் நிறம் எண்ணெயில் இறங்கியதும் துணியில் வடிகட்டினாள். தைக்கும் நூலுக்குப் பூசப் பட்டறையில் தேன்மெழுகு எப்போதும் கிடக்கும். அதில் ஒரு துண்டைச் சீவிப் போட்டாள். முதல் தடவை மெழுகு கூடிப்போய்க் கல்லாக இறுகியது. அத்தான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு திரி போட்டால் கரண்ட் போகிற அன்றைக்கு ஆகும் என்றார். அடுத்த தடவை, சில்லென்ற கரண்டியில் சொட்டு விட்டுப் பதம் பார்த்துச் செய்தாள். தெளிந்த எண்ணெய் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல மங்கி, வெண்ணெய் மாதிரி நின்றது. சோப்புப் போட்டுக் கழுவிய விரலில் பூசினாள். எரிச்சல் அடங்கியது.

அந்த நிம்மதியில்தான் தப்பு நடந்தது. பூசிய கையோடு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். பாட்டு வாத்தியார் ஒருவர் கைப்பட எழுதிய தாள்கள். வேறு படி கிடையாது. ஒரு தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் எண்ணெயாகப் பதிந்தது. அந்த இடம் கண்ணாடியாகி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கறையில் சுண்ணத்தூளைத் தூவி, மேலும் கீழும் மையொற்றும் தாள் வைத்து, இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பாதி நாள் போனது. கறை மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தாள்ல உன் விரல் விழுந்துச்சுன்னா மறுபடி பசைச் சட்டிதான். கூடப்பொறந்தவளாச்சேன்னு பார்க்க மாட்டேன்."

"பூசலைன்னா எரியுதுக்கா. மடிக்கவே முடியல."

"வீட்ல பூசிக்கோ. காலைல வந்ததும் ஒரு கழிவுத் தாள்ல விரலை அழுத்திக் காட்டு. சுத்தமா இருந்தாத்தான் மேசை."

அதுவே வழக்கமானது. எவ்வளவு கழுவிவிட்டு வந்தாலும் தேன்மெழுகு விரலை விடுவதாக இல்லை. மெல்லிய கழிவுத் தாளை அக்கா வெளிச்சத்தில் பிடித்தால் ரேகை தெரியும். தங்கை மறுபடி போய்த் தேய்த்துவிட்டு வருவாள். அடுத்த தாளில் ஒன்றும் விழாத பிறகே மேசை. வீட்டுப் பத்திரத்தை எழுதி வாங்குகிறாயா என்று அத்தான் அக்காவைச் சீண்டினார். ரேகை விழுந்து தோற்றுப்போன தாள்களை, கழுவுகிற லட்சணத்துக்குச் சாட்சியாக, அக்கா ஓர் ஆணியில் குத்திவைத்தாள்.

ஒரு காலை அக்கா வருமுன் தங்கை அந்தத் தாள்களை உருவி, கழுவுவதில் தேறியிருக்கிறோமா என்று பார்க்க, ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினாள். கடைசியில் அன்றைய தாளிலும் விரலை அழுத்தி ஒட்டினாள்.

முதல் தாளில், சுழிசுழியாக ஓடிய ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு வெற்றுக் கோடு. அதன் இரு பக்கமும் ரேகைகள் அறுந்து நின்றன. அடுத்ததில் கோடு இரு முனையிலும் குறுகியிருந்தது. அதற்கும் அடுத்ததில் ரேகைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோட்டைத் தாண்டத் தொடங்கியிருந்தன. அன்றைய தாளில் கோடே இல்லை. ஒவ்வொரு ரேகையும் தன் மறுபாதியைத் தேடிப் பிடித்துவிட்டது. ஒன்றுகூட ஆள் மாறி ஒட்டவில்லை. பக்க வரிசைப்படி தாள் சேர்ப்பதே தொழிலாக இருந்தும் அவள் எத்தனை முறை மாற்றி வைத்திருக்கிறாள்! அவள் தூங்கியபோதும் சாப்பிட்டபோதும் இது தன்பாட்டுக்கு நடந்திருக்கிறது. களிம்பின் வேலை இல்லை இது. சாமந்திக்கு அவள் ரேகை எப்படித் தெரியும்? களிம்பு விரலைக் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அவள் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜன்னலை ஏண்டி..." என்றபடி வந்த அக்கா பாதியில் நின்றாள். தாள் தாளாகப் பார்த்தாள். திரும்ப முதல் தாளுக்குப் போனாள். நூற்கண்டோடு வந்த அத்தானும் ஜன்னலருகே வந்து குனிந்து பார்த்தார்.

"அந்தக் களிம்பை எடு."

தங்கை தன் பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினாள். அக்காவின் இடது கட்டைவிரலில், வெட்டும் இயந்திரம் என்றோ போட்ட தழும்பு உண்டு. களிம்பைத் தொட்டு, அழுத்தி, தன் தாளையும் கண்ணாடியில் வைத்தாள். ரேகைகள் தழும்பு வரை வந்து நின்றன. அந்தப் பக்கம் வேறெங்கோ தொடங்கின.

"எனக்கு ரொம்ப ஆழமாப் போச்சு. ஒண்ணையொண்ணு அடையாளம் தெரியாமப் போயிருக்கு," என்றாள் மெதுவாக. "உனக்கு மேலோட கிழிஞ்சிருக்குடி. அடியில அசல் பத்திரமா இருந்திருக்கு."

பிறகு, தங்கை கழுவிவிட்டு வந்து அழுத்திய தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைத் தாள்.

"மேசை உன்னுது. இனிமே எனக்குக் காட்ட வேண்டாம்."

சொல்லிக்கொண்டே, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி, பாட்டு வாத்தியாரின் தாள்களை அவளிடம் கொடுக்க அக்கா இடது கையை நீட்டினாள். தங்கை சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, கை."

அக்கா எண்ணெய் மினுங்கும் தன் விரலைப் பார்த்தாள். அதைக் கண்ணெதிரே உயர்த்திப் பிடித்தபடியே குழாயடிக்கு நடந்தாள்.