ஈசல் மாடல்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, திருப்பாலைவனம் தாண்டியதும், மோகனப்பிரியாவின் காலுக்குக் கீழே தார் ரோடு தெரிந்தது.

முதலில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். அவள் உட்கார்ந்திருந்த காரின் முன் சீட் இடது பக்கமாகச் சாய்ந்தது. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கழன்று விழவில்லை. போல்ட்டைப் பிடித்திருந்த தகடுதான் அப்பளம் மாதிரி உடைந்து போயிருந்தது.

ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் இளவழகன் பிரேக்கை மிதித்தான். மோகனப்பிரியா இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த கை அது. வீடே இடிந்து விழுந்தாலும் அந்தக் கையில் அடிபடக் கூடாது என்பது அவளுக்கு மூன்று வருடப் பழக்கம்.

"இன்னாய்யா, என்னை இப்டியே ரோட்டுல இறக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறியா?" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணியைப் பார்த்தான். ஆறு மணிக்கு அவள் பொன்னேரியில் டயாலிசிஸ் மிஷினில் இருக்க வேண்டும்.

மீன் பெட்டி ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோவை மறித்து, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தபோது ஆறே முக்கால். நர்ஸ் மார்கரெட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். நாலு மணி நேரம் ஓட வேண்டிய மிஷின் மூன்றே கால் மணி நேரம்தான் ஓடும், அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிடுவார் என்றாள். பிறகு இளவழகனைத் தனியாக வெளியே கூப்பிட்டாள்.

"மூணு தடவை லேட்டானா ஷிப்ட் போயிடும், தெரியுமில்ல? மழையில ஒண்ணு ஆச்சு. இது ரெண்டு. வெயிட்டிங்ல இருபத்திரண்டு பேர் இருக்காங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த இருபத்திரண்டு பேரும் அவளிடம்தான் தினமும் போன் போட்டுக் கேட்கிறார்கள்.

வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி. அவர்கள் ஊரான தோணிரேவிலிருந்து ஆறு மணிக்குள் பொன்னேரி போய்ச் சேரப் பஸ் கிடையாது. முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான் சேரும். அந்த நேரத்தில் பழவேற்காடு ஆட்டோக்கள் எல்லாம் மீன் ஏலத்துக்குப் போய்விடும். முந்தின நாளே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தும் பார்த்தார்கள். கொசுக்கடியில் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். அதனால்தான் படகில் இருந்த பங்கைக் கொடுத்துவிட்டு இந்தக் காரை வாங்கினான். வண்டி இருந்தால் ஷிப்ட் இருக்கும். ஷிப்ட் இருந்தால் மோகனப்பிரியா இருப்பாள். கணக்கு அவ்வளவுதான்.

அவளை மிஷினில் விட்டுவிட்டு, திரும்பிப் போய்க் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக் மீரான் பாய் பட்டறைக்குப் போனான்.

மீரான் பாய் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.  பட்டறையின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். கருவேல மரத்தடியில் அதே மாடல் கார்கள் நாலு நின்றன. ஒன்றுக்கும் சக்கரம் இல்லை.

"இதுக்கு எங்க லைன்ல ஈசல்னு பேரு தம்பி. மழை விட்டா பறக்கும். பொழுது சாஞ்சா ரெக்கை உதிர்ந்து கெடக்கும். தகடு மெலிசு. பூச்சு அதைவிட மெலிசு. கம்பெனிக்காரனே அஞ்சு வருஷத்துல மாடலை நிறுத்திட்டான். மத்த காரு இருபது வருஷம் ஓடும். இது பத்தைப் பார்த்ததில்ல."

"பத்துனா சரி பாய். இது ஏழுதான் ஆவுது," என்றான் இளவழகன்.

மீரான் பாய் புருவத்தை உயர்த்தினார். ஏழு கொஞ்சம் அநியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இளவழகனுக்கு மண்டைக்குள் ஒரு பெயர் மின்னியது. சரவணன். வண்டி வாங்கிக் கொடுத்த புரோக்கர். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் காய வைத்துத் தலையில் கட்டியிருக்கிறான். வேறு என்ன?

போன் போட்டான். அவன் போட்ட சத்தத்தில் சரவணன் அரை மணி நேரத்தில் பட்டறைக்கே வந்து நின்றான். இளவழகன் சட்டையைப் பிடித்தான். சரவணன் கையைத் தட்டிவிடவும் இல்லை. இந்த வண்டியை ஓட்டியவர் பொன்னேரியில் ஒரு வாத்தியார், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை, வெள்ளம் வந்த வருடம் மாடி வீட்டுப் போர்டிகோவில் நின்றது, வேண்டுமானால் இப்போதே அவர் வீட்டுக்குப் போகலாம் என்று நிதானமாகச் சொன்னான்.

"சட்டைய விடுண்ணே. புதுசு," என்றான் கடைசியாக.

மீரான் பாய் இருவரையும் பார்க்கவே இல்லை. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியிருந்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியைத் திருப்புளியால் தட்டிக்கொண்டே போனார். டக். டக். டக். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. திருப்புளியை அழுத்தினார்.

குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

அரை வாளி இருக்கும். ஏரிச் சேற்று நாற்றம். அதோடு துருவும் செதில் செதிலாக விழுந்தது. கூடவே பொத்தான் மாதிரி ஏதோ ஒன்று 'டங்' என்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. மீரான் பாய் எடுத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். கல் மாதிரி கெட்டி.

"இது பைபராச்சே," என்றார். "எவன் அடைச்சான் இத?"

சரவணனின் சட்டையிலிருந்து இளவழகனின் கை தானாக இறங்கியது.

தோணிரேவில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன் இளவழகன். பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை படகில் ஓட்டை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பைபர் மேட் என்ற கண்ணாடி நார்ப் பாயை வெட்டி, ரெசின் பசையில் நனைத்து அவன் வைத்த ஒட்டு கழன்றதாக ஒரு பேச்சு இல்லை. கார் வாங்கிய மறுநாள் அடியில் படுத்துப் பார்த்தான். கதவுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.  ஐப்பசி, கார்த்திகையில் தோணிரேவு ரோட்டில் ஏரித் தண்ணீர் முழங்கால் அளவு ஏறும். அதில் வாரம் மூன்று நாள் போக வேண்டிய வண்டிக்கு அடியில் ஓட்டையா?

ஒரு நாள் முழுக்கப் படுத்து அத்தனையையும் அடைத்தான். பன்னிரண்டு ஓட்டை.

மீரான் பாய் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"படகுக்குத் தண்ணி கீழேர்ந்து வரும் தம்பி. காருக்கு மேலேர்ந்து வரும். மழை கண்ணாடிச் சந்துல இறங்கும், ரோட்டுல ஏறற ஏரித் தண்ணி கதவுச் சந்துல புகும். அது வெளிய போவத்தான் அந்த ஓட்டை. நீ போற வழிய அடைச்சிட்ட. மூணு வருஷமா உப்புத் தண்ணிய உள்ள வெச்சுக்கினு ஓட்டியிருக்க."

ஒட்டுப் போட முடியாதா என்று இளவழகன் கேட்டான். எதன் மேல் ஒட்டுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். தகடு என்று ஒன்று இருந்தால்தானே?

கருவேல மரத்தடியில் அன்று ஐந்தாவது கார் நின்றது.

மத்தியானம் பஸ்ஸில் தோணிரேவு திரும்பியபோது, நடந்த சேதி அவர்களுக்கு முன்னாடியே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பனும் அவன் பெண்டாட்டி கீதாவும் வாசலில் காத்திருந்தார்கள். சின்னப்பன் ஏரி நண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, தன் காரில் பொன்னேரி கம்பெனிக்குக் கொண்டு போகிறவன்.

"நீ ஏன்டி முகத்த இப்டி வெச்சிருக்க?" என்று கீதா மோகனப்பிரியாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வண்டி இன்னாத்துக்குக் கீது? வியாழக்கிழமை இவரு கொண்டுபோய் உட்டுட்டு வருவாரு. சனிக்கிழமையும் உடுவாரு. எந்நாளும் உடுவாரு."

மோகனப்பிரியாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

 இளவழகனின் கண் சின்னப்பனின் காரிலேயே இருந்தது.

வெள்ளை நிறம். அதே மாடல். பதினாலு மாதம் முன்பு, நம்ம வண்டி மாதிரியே வாங்கு, சின்னக் குடும்பத்துக்குத் தோதான வண்டி என்று சின்னப்பனைக் கூட்டிப் போனதே இளவழகன்தான். வண்டி வந்த மறுநாள், 'உன் வண்டிக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சு குடு மச்சான்' என்று சின்னப்பன் கேட்டான். காசு வாங்காமல் செய்து கொடுத்தான். பன்னிரண்டு ஓட்டை.

பதினாலு மாதம்தானே? இன்னும் நேரம் இருக்கலாம்.

புதன்கிழமை மத்தியானம் சின்னப்பன் நண்டு எடுக்கத் துறைக்குப் போயிருந்தான். கீதா வீட்டுக்குள் இருந்தாள். இளவழகன் திருப்புளியும் கை டிரில்லும் எடுத்துக்கொண்டு வெள்ளைக் காரின் அடியில் நுழைந்தான். முதல் ஒட்டைச் சுற்றிலும் குடைந்து நெம்பி எடுத்தான். தண்ணீர் அவன் முகத்திலேயே கொட்டியது. இதில் ஏரி நாற்றம் இல்லை. நண்டு நாற்றம். ஐஸ் பெட்டியிலிருந்து உருகிய உப்புத் தண்ணீர், பதினாலு மாதமாக வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

எல்லாவற்றையும் வடித்துவிட்டால் போதும் என்று வேகமாகக் குடைந்தான். இரண்டு. மூன்று. ஏழாவது ஒட்டுக்குப் பக்கத்தில் கை வழுக்கியது. திருப்புளி தகட்டில் பட்டது.

பட்டது மட்டும்தான். அழுத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அப்படியே படுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு கால்கள் வந்து பக்கத்தில் நின்றன. காலில் ஏரிச் சேறு.

"இன்னா மச்சான், என் வண்டிக்கு அடியில இன்னா தேடற?"

இளவழகன் வெளியே வந்தான். முகத்தைத் துடைக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான். மீரான் பாய் சொன்னது, திருப்புளி போன ஆழம், எல்லாம். சின்னப்பன் நண்டுப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். உள்ளே நண்டுகள் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"உன்னை யாருய்யா அடைக்கச் சொன்னது?"

"நீதான் கேட்ட."

"ஆமா," என்றான் சின்னப்பன். "நான்தான் கேட்டேன்."

அவன் அடிப்பான் என்று இளவழகன் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. சின்னப்பன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"கீதாகிட்ட இப்ப சொல்லாத. நாளைக்கு ஒரு நாள் தாங்குமா?"

எந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் இளவழகன். இதற்கு அவன் மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்து தகட்டைத் தட்டிப் பார்த்தான்.

வியாழக்கிழமை விடியலில் மோகனப்பிரியாவைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். காலடியில் உடைந்த படகின் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தான் இளவழகன்.

"கால எங்க வெக்கறது?"

"பலகை மேல வெச்சுக்கோ. கீழ ஊணாத."

அவள் பலகையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். முன் சீட்டில் ஸ்டியரிங்கை முட்டை மாதிரி பிடித்திருந்த சின்னப்பனின் பின்னந்தலையைப் பார்த்தாள்.  இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். மார்கரெட் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை வண்டி போய்ச் சேரவில்லை. கிட்டத்தட்ட அதே இடம், திருப்பாலைவனம் தாண்டி ஒரு வேகத்தடை. பின் சக்கரத்தைப் பிடித்திருந்த இடம் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. யாருக்கும் அடி இல்லை. மோகனப்பிரியா இறங்கி மைல் கல்லின் மேல் உட்கார்ந்தாள். இளவழகன் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். ஒரு லாரி நிற்காமல் போனது. ஒரு வேன் நின்று, கல்யாணக் கூட்டம், இடமில்லை என்றது. முதல் பஸ் வந்துதான் அவர்களை ஏற்றிக்கொண்டது.

மார்கரெட் நோட்டில் எழுதும்போது நிமிரவில்லை.

அதன் பிறகு அவர்கள் முதல் பஸ்ஸில்தான் போகிறார்கள். ஷிப்ட் கிடையாது. டயாலிசிஸ் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று இருக்கிறது. யாராவது வராமல் போனால் அந்த மிஷின் பெஞ்சில் முதலில் இருப்பவருக்கு. எல்லாரும் வந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டு வாரத்தில் ஆறு நாள் போனார்கள். இரண்டு நாள்தான் மிஷின் கிடைத்தது. அவள் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. பஸ்ஸில் படி ஏறும்போது மூச்சு வாங்கியது.

கீதா அவர்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சின்னப்பன் நண்டுப் பெட்டியைப் பஸ்ஸின் பின்னால் ஏற்றிப் போகிறான். பாதி செத்துப் போகிறது. பழைய இரும்புக்காரன் லாரி கொண்டுவந்து இரண்டு கார்களையும் ஒரே நாளில் எடுத்துப் போனான். சின்னப்பன் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் வழக்கமாக நின்ற இடத்தில், அன்று குடைந்து எடுத்த ஆறு பைபர் ஒட்டுகள் மணலில் கிடந்தன. மோகனப்பிரியா ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு விரிசல் இல்லை, நிறம்கூட மங்கவில்லை.

"நல்லாத்தான்யா ஒட்டியிருக்க," என்றாள். கிண்டலா, நிஜமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. பெஞ்சில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஏழு மணிக்கு மார்கரெட் கதவைத் திறந்து, நாலாம் நம்பர் இன்னும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை, உள்ளே வா என்றாள்.

இளவழகன் சட்டென்று எழுந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். அவன் முகத்தில் சந்தோஷம். அதைப் பார்த்து மோகனப்பிரியா நின்றுவிட்டாள். அறைக்குள் நாலாவது படுக்கை, காலியாக, புது விரிப்போடு தெரிந்தது.

"வராதவங்க எந்த ஊராம்?" என்று மார்கரெட்டிடம் கேட்டாள்.

காட்டூர்ப் பக்கம், ஒரு பெரியவர், மகன் தினமும் காரில்தான் கொண்டுவந்து விடுவான் என்றாள் மார்கரெட்.

மோகனப்பிரியா புருஷன் பக்கம் திரும்பினாள். இடது கை வழக்கம் போல மார்போடு சேர்ந்திருந்தது.

"எந்த மாடலோ," என்றாள். பிறகு மெதுவாக உள்ளே போனாள்.