இரண்டாம் வரிசையில் ஒரு சிரிப்பு

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் சிரித்ததில் பிறந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம், ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபம். மகளிர் தினத்துக்கு, மனைவியை அடிக்கக் கூடாது என்று ஒரு விழிப்புணர்வு நாடகம். கணவனாக எமில்ராஜ், ஊரையே சிரிக்கவைக்கும் பகிடிக்காரன். மனைவியாக நடித்த லவீனாவுக்கு அவன் ஓர் அறை விட்டான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

(அந்த வேடத்தை அவனுக்குக் கொடுத்த புத்திசாலி யாரென்று கேட்காதீர்கள். நாடகம் எழுதியவன் நான்.)

2

'கடல் அன்று அமைதியாக...' விடுங்கள். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லவீனா நடிக்க வந்தது அக்கா றொசாந்திக்காக. அவளைக் கணவன் டினேஸ் அடிப்பது தெருவுக்கே தெரியும். கேட்டால், "அவர் நல்ல மனுசன். நான்தான் வாய்க்காரி" என்பாள். மேடையில் பார்த்தாலாவது தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று லவீனா நம்பினாள். இரண்டாம் வரிசையில் இருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

(டினேஸைக் குடிகாரனாக்கப் பார்த்தேன். மனுசன் சோடாகூடத் தொடுவதில்லை. பாடகர் குழுவில் வேறு பாடுகிறான். வில்லனாக எனக்கு ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறான்.)

3

முதல் அறைக்கு டினேஸ் சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு றொசாந்தியும் சிரித்தாள், அவனைவிடப் பலமாக. லவீனாவுக்கு வசனம் மறந்துபோனது.

காட்சி முடிந்து திரைக்குப் பின்னால், "எமில் அண்ணை, அந்த அடியைப் பகிடியாச் செய்யாதேங்கோ" என்றாள்.

"நான் என்ன செய்யிறது தங்கச்சி? கையை ஓங்கவே சனம் சிரிக்குது."

"சிரிக்கட்டும் பிள்ளை, அப்பதான் கருத்து உள்ளுக்கை இறங்கும்" என்றேன் நான். (இந்த வரியை மூன்று முறை அழித்தேன். சொன்னது சொன்னதுதான்.)

4

அடுத்த காட்சியில் எமில்ராஜ் மறுபடி கையை ஓங்கினான். அடி விழுமுன்பே சிரிப்புத் தொடங்கிவிட்டது. றொசாந்தியும் சிரித்தாள். ஆனால் அவளுடைய கை தானாக எழுந்து கன்னத்தை மறைத்தது. மேடையிலிருந்து லவீனா அதைக் கண்டாள். றொசாந்தியும் தன் கையைக் கண்டாள்; அவள் சிரிப்பு நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, வா, வீட்டை போவம்" என்றாள் லவீனா.

நான் எழுதாத வசனம். அதற்கும் மண்டபம் கைதட்டியது.

5

முடிவுகள்:

டினேஸ் மனந்திருந்துகிறான். (எழுதிப் பார்த்தேன். எமில்ராஜே நம்பவில்லை.)

எல்லோரும் கட்லட்டும் தேத்தண்ணியும் முடித்ததும், றொசாந்தி டினேஸின் மோட்டார் சைக்கிளில் ஏறி... இதை நான் எழுத மாட்டேன்.

றொசாந்தி எழும்புகிறாள். அவளுக்கு ஒரு பக்கம் டினேஸ். மறுபக்கம், கதவுக்குப் போகும் வழியை மறித்தபடி, நீங்கள். இவ்வளவு நேரமும் எங்கே இருந்து சிரித்தீர்கள் என்று நினைத்தீர்கள்?

"கொஞ்சம் விடுங்கோ" என்கிறாள்.

உங்கள் கால்தான் குறுக்கே நீண்டிருக்கிறது.