முடிந்தவரை

உலக நாடுகள் எல்லாம் கூடிப் பசிக்கு எதிராக ஒரே உடன்படிக்கை எழுதிக்கொண்டிருந்த மண்டபத்தில், கடைசி வரிசையில் அவள் இடம். ஒரு சின்ன நாட்டின் பிரதிநிதி. அவளை அனுப்பிய உணவு அமைச்சர் கூடப்பிறந்த அண்ணன்.

அன்று பாக்கியிருந்தது ஒரு வரிதான்: ‘பஞ்சம் வந்த நாட்டுக்குப் போகும் தானியத்தை எவரும் தடுக்கக் கூடாது.’ எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நிற்கும். தானியம் விற்கும் பெரிய நாட்டின் பிரதிநிதி எழுந்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிப் பேசுவார்; முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘வெண்ணெய்’ என்று பெயர்.

“ஒரு சொல் சேர்த்துக்கலாமே. ‘முடிந்தவரை’ தடுக்கக் கூடாது.”

கூட்டத் தலைவர் அதை ஏற்றதாக அறிவிக்கச் சுத்தியலைத் தூக்கினார். அவள் தன் பெயர்ப்பலகையை நட்டு நிறுத்தினாள். மறுப்புச் சொல்ல அங்கே அதுதான் வழி.

“போன வருஷம் எங்களுக்கு வந்த கோதுமைக் கப்பலை உங்க துறைமுகத்துலயே நிறுத்தினீங்க, விலை ஏறட்டும்னு. நான் அப்ப நிவாரண முகாம்ல இருந்தேன். தாய்மாருங்க வெந்நீரைப் பால்னு சொல்லிப் பிள்ளைங்களுக்குப் புகட்டினாங்க. பசிக்கு ‘முடிந்தவரை’ன்னு உண்டா?”

தலைவர் தேநீருக்கு இடைவேளை விட்டார். உடனே அண்ணன் போனில் வந்தார்.

“பலகையைக் கீழ வை. அவங்க உரம் அனுப்பாம விட்டா நம்ம வயல் என்னாகும்?”

“இன்னைக்கு உரம்னு பயந்தா நாளைக்கு விதைன்னு மிரட்டுவாங்க அண்ணே.”

“நாளைக்கே உன்னைத் திரும்பக் கூப்பிட்டுடுவேன்.”

“நாளைக்குத்தானே? இன்னைக்கு இங்க நான்தான்.”

வெளியே வெண்ணெய் கோப்பையோடு வந்தார். “தனி மரம் தோப்பாகாது மேடம்.”

“தோப்பு எதுக்கு சார்? பாதையை மறிக்க ஒரு மரம் குறுக்க விழுந்தா போதும்.”

கூட்டம் மறுபடி தொடங்கியபோதும் பலகை நின்றது. பக்கத்திலிருந்த தீவு நாட்டுக்காரர் செருமிக்கொண்டு தன்னுடையதையும் நிமிர்த்தினார். அப்புறம் முன்வரிசையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. கேமராக்கள் எல்லாம் வெண்ணெய் பக்கம் திரும்பின. உடன்படிக்கையையே உடைத்தவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். உட்கார்ந்துவிட்டார். அந்தச் சொல் இல்லாமலே சுத்தியல் விழுந்தது.

அண்ணன் சொன்னபடியே செய்தார். விமான நிலையத்துக்கு அண்ணிதான் கார் கொண்டுவந்தாள்.

“உங்க அண்ணன் கொதிச்சுப்போய் இருக்காரு. கொஞ்ச நாள் கண்ணுல படாத.”

“காலையில அவர் ஆபீஸ் வாசல்ல நிப்பேன் அண்ணி. அங்க எழுதினா மட்டும் போதுமா? இங்கேயும் சட்டமாக்க வேண்டாமா? நம்ம பதுக்கல்காரங்க மட்டும் என்ன, தங்கமா?”

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஆபீஸ் எதுக்குடி? காலையில காப்பி குடிக்க வீட்டுக்கு வா. அவர் பின்வாசல் வழியா ஓடாம நான் பார்த்துக்கறேன்.”