கிரானாவின் விலாசம்

“அம்மா, யாராச்சும் கேட்டா நம்ம வீடு எதுன்னு சொல்லணும்?”

போன வருடம் கிரானா இப்படிக் கேட்டபோது லிலிஸ் சிரித்து மழுப்பிவிட்டாள். பாண்டுங் நகரத்துப் பள்ளிகளையெல்லாம் பெற்றோரின் வாட்ஸப் குழு தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. சராசரி மதிப்பெண், நல்ல மேல்நிலைப் பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எதைப் பார்த்தாலும் வடக்குப் பகுதி அரசுப் பள்ளிதான் உச்சியில். லிலிஸின் தெருப் பள்ளி அடியில். அதன் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.

உச்சிப் பள்ளியில் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் இடம். அதனால் மகளின் பெயரை, அதன் பின்சந்தில் வசிக்கும் நாத்தனார் இமாஸின் குடும்ப அட்டைக்கு மாற்றினாள். அன்றே கழுத்தில் கயிறு விழுந்தது; இமாஸ் வீட்டு வேலையெல்லாம் லிலிஸின் தலையில்.

“என்ன லிலிஸ், துணியெல்லாம் அப்படியே கெடக்கு? விலாசம் சும்மா வருமா?”

“இதோ வந்துட்டேன் அண்ணி.”

விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. அட்டையில் பெயர் ஏறி ஒரு வருடம் ஆனால்தான் சேர்க்கை; மறுபடி மாற்றினால் அத்தனை மாதக் காத்திருப்பும் வீண்.

சேர்க்கை நேரத்தில் ஓர் ஆசிரியர் விசாரிக்க வந்தார். மகளின் பிரஷ், தொழுகை உடை எல்லாம் இமாஸ் வீட்டில் தயாராக இருந்தன. அவரோ நேரே பக்கத்து வீட்டு வாசலில் பக்வான் பஜ்ஜி பொரிக்கும் ரோஹாயாவிடம் போனார்.

“இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா?”

கிரானா விடுமுறைக்கு மட்டும் வருபவள் என்று ரோஹாயாவுக்குத் தெரியும். பிள்ளையின் உதடு நடுங்குவதைப் பார்த்தாள்.

“நம்ம புள்ளதான் சார். எப்படிப் பயந்து போயிருக்கு பாருங்க. நீங்க ஒரு பக்வான் சாப்பிடுங்க.”

பட்டியல் வந்தது. இடம் கிடைத்தவர்களில் கடைசிப் பெயர் கிரானா. அதற்குக் கீழே, இடமில்லாமல் நின்ற முதல் பெயர் நெந்தென். ரோஹாயாவின் மகள். அவர்கள் வீடு பள்ளியிலிருந்து நாலடி கூடுதலாகத் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

“அக்கா, நெந்தெனுக்கு...” என்று இழுத்தாள் லிலிஸ்.

“விடு தங்கச்சி. கம்ப்யூட்டருக்கு நான் பக்வான் குடுக்க மறந்துட்டேன், வேறென்ன? தூரத்து ஸ்கூலுக்கு பஸ்ல போவா.” சூடாக ஒன்றைக் கிரானாவின் கையில் வைத்தாள். பொய்யென்று தெரிந்தும் தாங்கிப் பிடித்த கை அது.

இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள். மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் லிலிஸ் சந்தின் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தாள். இமாஸின் ஏச்சு, கணவனின் கோபம், வாட்ஸப் குழுவின் ஏளனம் எல்லாம் சுவர்போல் நெருங்கி வந்தன. தெருப் பள்ளியில் இடம் மீந்திருந்தது. வேண்டாமென்று விட்டால் இந்த இடம் அடுத்த பெயருக்குப் போகும்.

‘இறைவா, நீ பார்த்தால் போதும்’ என்று சொல்லிக்கொண்டு, கைபேசியில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.

தொழுகை உடையை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே ரோஹாயாவின் சட்டியில் எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.